ஆதிரைக்கு விழுந்த சீட்டு

அந்தப் பையை என் மடியில வைங்கம்மா, நீங்க நல்லாச் சாஞ்சு உக்காருங்க. நான் கடைசி ஸ்டாப்புதான். கல்வி ஆபீசுக்குப் போறேன். சம்பளம், லீவுன்னு நெனைக்காதிய, விசாரணைக்குப் போறேன். ஆமா, என்னையத்தான் விசாரிக்காவ. ஆவுடையம்மாள்னு பேரு. இருபத்தொம்பது வருசமா டீச்சர், அதுல பதினாலு வருசம் தலைமை டீச்சர். இத்தன வருசத்துல ஒரு பிள்ளைய நான் கம்பெடுத்து அடிச்சதுங் கெடையாது, ஒரு நாள் மணிக்குப் பிந்திப் போனதுங் கெடையாது. இப்ப என்னடான்னா, ரெண்டாங் கிளாஸ் பிள்ளை ஒண்ணு வாசிச்சதைத் தப்புன்னு சொல்லிட்டேனாம். அதுக்கு விசாரணை. சிரிப்பா வருதுல்லா? எனக்கும் முதல்ல சிரிப்பாத்தான் வந்துச்சு.

நீங்களே கேட்டுட்டு ஒரு நியாயம் சொல்லுங்க. ஊர் பேரெல்லாம் வேண்டாம். சின்னப் பள்ளிக்கூடம். முப்பத்தாறு பிள்ளைக, ரெண்டு டீச்சர். நான் ஒண்ணு, பிரிஸ்கில்லான்னு ஒரு சின்னப் புள்ள ஒண்ணு. அது வேலைக்கு வந்து ஒன்றரை வருசந்தான் ஆகுது. நல்ல புள்ளதான், ஆனா உலகம் தெரியாது.

வருசா வருசம் குழந்தைகள் தினத்துக்கு நாங்க மாறுவேடம் போடுவோம். இந்த நாட்டை உண்டாக்கின தலைவர்களைப் பத்தி இந்த வயசுப் பிள்ளைகளுக்கு எப்பிடிச் சொல்லிக் குடுப்பிய? சார்ட்டை மாட்டி, இவர் இன்னார், இத்தனாந் தேதி பிறந்தார்னு சொன்னா ஒரு காதுல போயி மறு காதுல வந்திரும். தொப்பிய மாட்டி, கண்ணாடியப் போட்டு, 'நான்தான் காந்தி'ன்னு சொல்ல வச்சுப் பாருங்க, பத்து வருசமானாலும் மறக்காது. அதுக்குன்னே ஒரு ட்ரங்குப் பெட்டி வச்சிருக்கேன். காந்திக்கு நானே கம்பிய வளைச்சுச் செஞ்ச கண்ணாடி, நேருவுக்கு வெள்ளத் தொப்பி, துணியில செஞ்ச ரோசாப்பூ, நேதாஜிக்குக் காக்கிச் சட்டை, வ.உ.சி.க்குக் கருப்புக் கோட்டு, அம்பேத்கருக்கு நீலக் கோட்டு, கையில பிடிக்க ஒரு தடிப் புஸ்தகம். பழைய டெலிபோன் டைரக்டரிதான், மேல நீல அட்டை போட்டிருக்கேன். எவனுக்குத் தெரியப் போவுது? ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு வரி வசனமும் நானே எழுதி வச்சிருக்கேன். 'நான்தான் நேரு, குழந்தைகள்னா எனக்கு உசிரு.' 'நான்தான் அம்பேத்கர், எல்லாரும் சமம்னு சட்டம் எழுதினேன்.' பிள்ளைக மழலையில சொல்லும்போது கண்ணுல தண்ணி வந்திரும் எனக்கு.

யாருக்கு எந்த வேசம்னு சீட்டுக் குலுக்கித்தான் போடுவோம். டிபன் டப்பாவுல சீட்டைப் போட்டு, வேசம் போடுற பிள்ளைக ஒவ்வொண்ணா வந்து எடுக்கணும். பாரபட்சம் கூடாதுல்லா.

இப்ப ஒண்ணு சொல்லுதேன், வெளிய விட்டுராதிய. அந்தச் சீட்டுல நான் மூலைய மடிப்பேன்.

முழிக்காதிய. சொல்லுதேன். எங்க ஊர்ல தலைவருங்களும் தெருத்தெருவாத்தான் குடியிருக்காவ. புஸ்தகத்துல எல்லாரும் ஒரே பக்கத்துல வரிசையா சிரிச்சுக்கிட்டு இருப்பாவ, ஊருக்குள்ள வந்தா இவருக்கு மால போடுறது இந்தத் தெரு, அவரு படத்தை ஆட்டோவுல ஒட்டுறது அந்தத் தெரு. பதினொரு வருசத்துக்கு முன்ன எனக்கு இதெல்லாம் புத்தியில உறைக்கல. சீட்டு எப்பிடி விழுதோ அப்பிடியே குடுத்தேன். மேலத்தெருப் பையன் ஒருத்தனுக்கு நீலக் கோட்டு விழுந்துட்டு. அவனும் சந்தோசமாத்தான் போட்டுக்கிட்டு நின்னான். அவங்க அம்மா கூட்டத்துல இருந்து எந்திரிச்சு வந்து, மேடையில வச்சே கோட்டைக் கழத்தி என் காலடியில போட்டுட்டுப் பிள்ளைய இழுத்துட்டுப் போயிட்டா. சாயந்தரம் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு முன்னால நாப்பது பேரு. எம்பிள்ளைக்கு அந்த வேசம் போட்டு அசிங்கப்படுத்திட்டியேன்னு மேலத்தெருக்காரவுக ஒரு பக்கம், எங்க தலைவர் கோட்டைக் கீழ போட்டது எவன்னு காலனிக்காரவுக ஒரு பக்கம். நடுவுல நான். மூணு மாசம் பதினாலு பிள்ளைக பள்ளிக்கூடத்துப் பக்கம் எட்டிப் பாக்கல. அந்த நாளுல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதுல இருந்துதான் மூலைய மடிக்கேன். ஒரு மூலை மடிச்சிருந்தா காலனிப் பிள்ளைக்கு, ரெண்டு மூலைன்னா மேலத்தெருவுக்கு. டப்பாவ நான்தான் பிடிப்பேன். எந்தப் பிள்ளை கைய விடுதோ, அதுக்கு உண்டான சீட்டைப் பெருவிரலால பைய மேல தள்ளி விட்டிருவேன். பத்து வருசம் ஒரு சத்தம் வந்தது கெடையாது. மேலத்தெரு பழைய பஞ்சாயத்து பிரசிடெண்டு வீட்டுப் பிள்ளைக்கு நேரு, மைக்செட்டு அவரு உபயம். காலனிப் பிள்ளைக்கு அம்பேத்கர். அவுகவுகளுக்கு அவுகவுக தலைவர். எல்லாருக்கும் திருப்தி.

இதை நான் வேத்துமை பாத்துச் செஞ்சேன்னு நெனச்சிராதிய. எனக்கு அந்தப் புத்தியே கெடையாது. காலனிப் பிள்ளைக மோந்து குடுத்த தண்ணிய நான் வாங்கிக் குடிச்சிருக்கேன், தெரியுமா? எத்தனயோ தடவ. மத்த பள்ளிக்கூடத்து டீச்சரெல்லாம் வீட்ல இருந்து பாட்டில் கொண்டுட்டு வருவாவ. நான் அப்பிடி இல்ல.

நீங்க எந்த ஊருன்னு சொன்னிய? ஓ, அங்கனயா. அந்த ஊர்ல எந்தப் பக்கம், கோயிலுக்கு மேக்கயா, கெழக்கயா? சரி சரி, சொல்லாட்டிப் பரவால்ல. சும்மா பேச்சுக்குக் கேட்டேன்.

இந்தப் பிள்ளை விசயத்துக்கு வாரேன். ஆதிரைன்னு பேரு. காலனிப் பிள்ளைதான். அவங்க அப்பா இசக்கிராஜ், வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு. அம்மாக்காரி பீடி சுத்துதா. ஏழு வயசு. நான் எத்தனயோ பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் குடுத்திருக்கேன், இது மாதிரி ஒண்ணப் பாத்ததில்ல. அவிச்ச கடலை மடிச்சுக் குடுத்த பேப்பரை வாசிக்கும். கல்யாண போஸ்டரை வாசிக்கும். சிமெண்டு மூட்டைய வாசிக்கும். அப்பாவோட பைக்குல முன்னால உக்காந்துக்கிட்டு ஒரு போர்டு விடாது. நாலாங் கிளாஸ் பாடத்தை எடுத்துக் குடுத்தாலும் தடங்கல் இல்லாம வாசிக்கும். ஆபீசர் ஸ்கூல் பாக்க வந்தப்ப அதைத்தான் எந்திரிச்சு வாசிக்கச் சொன்னேன். அவரு அப்பிடியே அசந்து போயி, 'டீச்சர், உங்க பேரை நல்லாசிரியர் விருதுக்கு அனுப்புதேன்'னாரு. அனுப்பியுந்தான் இருக்காரு. இந்த வருசம் லிஸ்ட்ல நான் இருக்கேன். இந்த நேரம் பாத்துத்தான் இந்த விசாரணை.

சீட்டுக் குலுக்குற அன்னிக்கு, நான் மூலையெல்லாம் மடிச்சு டப்பாவுல போட்டு வச்சிட்டேன். அந்நேரம் பாத்து ஆபீசுல இருந்து போன். வெளிய போயிப் பேசிட்டு வந்தா, பிரிஸ்கில்லா டப்பாவைக் குலுக்கிக்கிட்டு நிக்கா. சரி, குலுக்கட்டும்னு கையில வாங்கிட்டேன். பிந்தித்தான் தெரியுது, சீட்டெல்லாம் கசங்கிக் கெடக்கேன்னு அந்த மகராசி புதுசா எழுதி அழகா மடிச்சுப் போட்டிருக்கா. நல்லது செய்யுறதா நெனப்பு.

நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு ஒரு மரியாதையா இருக்கட்டும்னு, முதல்ல ஆதிரையத்தான் எடுக்கச் சொன்னேன். டப்பாவைப் பாத்தா ஒரு சீட்டுல கூட மூலை மடிப்பு இல்ல. அதுக்குள்ள அது எடுத்துட்டு. பிரிச்சுப் பாத்துட்டுத்தான் என் கையில குடுத்துச்சு. மூஞ்சியில அப்பிடி ஒரு சிரிப்பு. வாங்கிப் பாக்கேன், நேரு.

என் நிலைமைய யோசிச்சுப் பாருங்க. வரிசையில அடுத்து நிக்கிறது பழைய பிரசிடெண்டு பேரன். அந்த டப்பாவுக்குள்ள அம்பேத்கர் இருக்காரு. அவன் கைய விட்டு அதுதான் வந்துச்சுன்னா? பதினொரு வருசத்துக்கு முன்ன கேட்டுக்கு முன்னால நின்ன கூட்டந்தான் கண்ணு முன்னால வந்துச்சு. சத்தமா வாசிச்சேன், 'ஆதிரைக்கு அம்பேத்கர்'னு.

அந்தப் பிள்ளை கள்ளமில்லாம சொல்லுது, "இல்ல டீச்சர், நேருன்னு போட்டிருக்கு."

முப்பத்தாறு பிள்ளைகளும் என் வாயையே பாக்கு. நான் என்ன செய்ய? "நல்லாப் பாரு, அம்பேத்கர்னுதான் போட்டிருக்கு. அவசரத்துல தப்பா வாசிச்சிட்ட"ன்னேன். சீட்டை அதுக்குக் கண்ணு முன்னால பிடிச்சு, எழுத்து மேல விரல வச்சு, அம்-பேத்-கர்னு வாசிச்சுங் காட்டினேன். அது சீட்டைப் பாத்துச்சு. என் மூஞ்சியப் பாத்துச்சு. திரும்பச் சீட்டைப் பாத்துச்சு. பொறவு, "ஆமா டீச்சர், தப்பா வாசிச்சிட்டேன்"னு சொல்லிட்டு எடத்துல போயி உக்காந்துக்கிடுச்சு. பாத்தியளா, எவ்வளவு அடக்கமான பிள்ளைன்னு. மிச்சச் சீட்டையெல்லாம் நானே எடுத்து நானே வாசிச்சு முடிச்சுட்டேன். ஆதிரை எடுத்த சீட்டைக் கிழிச்சுக் கூடையில போட்டேன். தின்னக் குடுத்த மிட்டாயில பிள்ளைக எல்லாத்தையும் மறந்துட்டு. நானும் மறந்துட்டேன்.

விழா அன்னிக்கு நீலக் கோட்டுல வந்து நின்னுச்சு. கோட்டு முட்டுக்குக் கீழ தொங்குச்சு, ஆனா பாக்க லட்சணமா இருந்துச்சு. எல்லாத் தலைவர் வசனமும் அதுக்குத் தலகீழ்ப் பாடம், மத்த பிள்ளைகளுக்கு அதுதான் எடுத்துக் குடுக்கும். அன்னிக்கு மைக் முன்னால நின்னு என்னையவே பாக்குது. ஒரு வார்த்த வரல. நான் பக்கத்துல போயி நின்னு ஒவ்வொரு வார்த்தையா சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிச்சு. 'நான்தான்.' நான்தான். 'அம்பேத்கர்.' அம்பேத்கர். 'எல்லாரும்.' எல்லாரும். 'சமம்.' அப்பிடியே சொல்லி முடிச்சிட்டு. கூட்டத்தைப் பாத்த பயம்னு நெனச்சேன்.

மறுநாள் கிளாஸ்ல வாசிக்கச் சொன்னா, எந்திரிச்சு நிக்கி, புஸ்தகத்தைப் பாக்கு, என்னையப் பாக்கு. "இதுல என்ன போட்டிருக்கு டீச்சர்?"னு கேக்கு. அணில் படம் போட்டு அணில்னு எழுதியிருக்கு, அதைக் காட்டிக் கேக்கு. விளையாட்டுன்னு நெனச்சு ஒரு அதட்டு அதட்டினேன். ரெண்டு நாள், மூணு நாள், ஒரு வாரம். நாம சொன்னா உடனே சொல்லும். சொல்லலைன்னா வாயத் திறக்காது. வீட்லயும் அப்பிடித்தானாம். பஸ்ஸு போர்டைக் காட்டி, "அப்பா, அதுல என்ன போட்டிருக்கு?"ன்னு கேக்குதாம். நீதானே வாசிப்பன்னு அவரு கேட்டதுக்கு, "எனக்குத் தப்புத் தப்பாத் தெரியுதுப்பா"ன்னு சொல்லியிருக்கு. கண்ணுல கோளாறுன்னு ஆஸ்பத்திரிக்கு வேற கூட்டிட்டுப் போயிருக்காரு பாவம். கண்ணு நல்லா இருக்குன்னுட்டாவளாம்.

பொறவு அவரு பைய விசாரிச்சிருக்காரு. பிரிஸ்கில்லாகிட்டயும் கேட்டிருக்காரு. அந்தப் புள்ளைக்கு ஒளிக்கத் தெரியாது. கூடையில கெடந்த கிழிஞ்ச சீட்டைப் பாத்தேன், நான் எழுதின சீட்டுதான், நேருன்னுதான் இருந்துச்சுன்னு சொல்லிட்டா. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்லியிருக்கலாம்.

மறுநாளே வந்துட்டாரு. நான் சண்டைக்குத்தான் வாராருன்னு நெனச்சேன். உக்காருங்கன்னா உக்காரல. சத்தம் போடல. நின்னுக்கிட்டே சொன்னாரு.

"டீச்சர், அம்பேத்கர் வேசம் போட்டதுல எங்களுக்கு என்ன குறை? எங்க வீட்டு நடுச்சுவத்துல அவுக படந்தான் இருக்கு. முன்னாலயே சொல்லியிருந்தா நானே அளவெடுத்துப் புதுக் கோட்டு தச்சுப் போட்டு அனுப்பியிருப்பேன். எம்பிள்ள வாசிச்சது சரின்னு ஒரு வார்த்த, அதே கிளாஸ்ல, அதே பிள்ளைக முன்னால சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

கேட்டியளா? வேற ஒண்ணும் வேண்டாமாம். அது லேசுப்பட்ட காரியமா? முப்பத்தாறு பிள்ளைகளுக்கு முன்னால நின்னு, டீச்சர் பொய் சொல்லிட்டேன்னு சொல்லணுமா? நாளைக்கு நான் போர்டுல எழுதுறதை எந்தப் பிள்ளை நம்பும்? அதுவும் மேலத்தெருப் பிள்ளைக வீட்ல போயி அப்பிடியே ஒப்பிக்கும். ஆதிரைக்கு நேரு விழுந்துச்சுன்னா அம்பேத்கர் யாருக்கு விழுந்திருக்கும்னு அந்தப் பிரசிடெண்டுத் தாத்தா கேக்க மாட்டாரா? மூலை மடிச்ச கதை வெளிய வராதா? பத்து வருசமா மடிச்சிருக்கேன். நான் அவருகிட்ட தன்மையாத்தான் சொன்னேன், 'பிள்ளைய விடுங்க, ரெண்டு நாள்ல தானா வாசிக்கும், உங்க தலைவர் வேசந்தானே குடுத்தேன், சந்தோசப்பட வேண்டாமா'ன்னு. அவரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. எறங்கிப் போயிட்டாரு. அடுத்த வாரம் ஆபீசுக்கு மனு எழுதிப் போட்டுட்டாரு.

ஆபீசர் எனக்கு வேண்டியவருதான். போன்ல சொன்னாரு. 'டீச்சர், விருது லிஸ்ட் மேல போற நேரம், இந்த மனு முடியாம நிக்கப்படாது. பிள்ளை கைப்பட ரெண்டு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, தப்பா வாசிச்சிட்டேன்னு. சின்னப் பிள்ளை தடுமாறிட்டு, டீச்சர் மேல குத்தமில்லன்னு ஃபைலை மூடிருதேன்.' சரின்னுட்டேன். இன்னிக்கு அதைத்தான் குடுக்கப் போறேன்.

நேத்து மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும் ஆதிரைய என் ரூமுக்குக் கூட்டியாரச் சொன்னேன். பிரிஸ்கில்லா கூட்டிட்டு வந்து விட்டுட்டு, போகாம வாசல்லயே நிக்கா. "வேண்டாம் டீச்சர். இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. கிளாஸ்ல ஒரு வார்த்த சொல்லிருங்க"ன்னா. எனக்கு வந்த கோபத்துல, மூலை மடிச்ச சீட்டை மாத்தி எழுதினவ நீ, உன்னாலதான் இவ்வளவும்னு சொல்லிட்டேன். மூலைன்னா என்ன டீச்சர்னு கேட்டா. கதவைச் சாத்துன்னேன். சாத்திட்டுப் போயிட்டா. அதுக்குப் பொறவு என்கூடப் பேசல. பேசாட்டிப் போறா.

பிள்ளைய நாற்காலியில உக்கார வச்சேன். பேப்பரையும் பேனாவையும் குடுத்தேன். ரெண்டாங் கிளாஸுக்குப் பேனா குடுக்கிறதில்ல, என் பேனாவையே குடுத்தேன். அதுல அதுக்கு ஒரு சந்தோசம். கைய நீவிக் குடுத்துட்டுச் சொன்னேன், 'ஆதிரை, டீச்சர் சொல்லுறதை எழுது. எழுதிட்டா எல்லாம் சரியாப் போயிரும்.' தலைய ஆட்டிச்சு.

'நான் சீட்டைத் தவறாக வாசித்துவிட்டேன். டீச்சர் சொன்னதுதான் சரி.' ரெண்டே வரி. நான் சொல்லச் சொல்ல எழுதிச்சு. நாக்கை லேசா வெளிய நீட்டிக்கிட்டு, பைய, ஒவ்வொரு எழுத்தா எழுதிச்சு. ஒரு பிழை கெடையாதும்மா. பெரிய றகரம், சந்தி, புள்ளி, ஒண்ணு தப்பல. அஞ்சாங் கிளாஸ் பிள்ளைக்கு வராது அப்பிடி. கீழ பேரெழுதுன்னேன், எழுதிச்சு. எனக்கு ஒரு நிமிசம் பெருமையாக் கூட இருந்துச்சு. நான் சொல்லிக் குடுத்த பிள்ளைல்லா.

எழுதி முடிச்சதை வாசிக்கச் சொல்லுறது எனக்குப் பழக்கம். என்னையறியாம, 'எங்க, எழுதினதை ஒருக்கா வாசி'ன்னுட்டேன்.

பேப்பரைக் கையில எடுத்துச்சு. ரொம்ப நேரம் பாத்துச்சு. உதடு அசைஞ்சுச்சு, நான் கண்ணால பாத்தேன், உதடு அசைஞ்சுச்சு. பொறவு அசையிறது நின்னுட்டு. நிமிந்து என் மூஞ்சியப் பாத்துச்சு.

"டீச்சர், இதுல என்ன போட்டிருக்கு?"

அது எழுதினதும்மா. எழுதி ஒரு நிமிசம் ஆகல, மை கூடக் காயல. நான் என்ன செஞ்சிருக்கணும்னு நெனைக்கிய? சொல்லுங்க, நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பிய?

நான் வாசிச்சுச் சொன்னேன். எழுத்து மேல விரல வச்சு, ஒவ்வொரு வார்த்தையா, 'நான் சீட்டைத் தவறாக வாசித்துவிட்டேன்'னு போட்டிருக்குன்னு சொன்னேன். "சரி டீச்சர்"னு சொல்லிட்டு, பேனாவை மூடி என் மேசையில வச்சிட்டு, தட்டை எடுத்துக்கிட்டுச் சாப்பிடப் போயிட்டு.